இலவச வைத்தியமும் மருந்துக் கொள்வனவு மோசடிகளும்

திருவள்ளுவர் மருத்துவத்தை நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பணிசெய்வோன் என நாற்கூறாக வகுத்தார். இவற்றுள் சந்தையிற் கொள்ளப்படும் பண்டம் மருந்து ஒன்றே. அரசாங்க வைத்தியத்துறையுட் பெருமோசடி நுழையும் வாயிலும் பெரும்பாலும் அதுவே.

வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ கொழும்புத் தேசிய வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளி மருந்துக்கு விலை கொடுப்பதில்லை. விலை கொடுக்கும் அரசாங்கம் அதனை உட்கொள்வதில்லை. ஆதலின் பண்டத்தின் மெய்ம்மைக்குப் பத்திரங்களே சான்றாகின்றன. இங்ஙனம் எழும் மோசடிகள் நால்வகைப்படும். போலிப் பத்திரங் காட்டித் தரமற்ற மருந்தை விற்றல் ஒன்று. தட்டுப்பாட்டை உண்டாக்கி அவசரக் கொள்வனவில் விலையேற்றல் மற்றொன்று. களஞ்சியத்திற் குறைத்து ஒப்படைத்தலும் களவாடலும் மூன்றாவது. செய்யாத வேலைக்கு மேலதிகநேரக் கொடுப்பனவு பெறுதல் நான்காவது.

இவற்றைத் தடுக்க முன்னோர் முயலாமலில்லை. பேராசிரியர் சேனக பிபிலே முன்னின்று 1971 இல் நிறுவிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம், வணிகப் பெயரை நீக்கி மருந்தின் பொதுப்பெயராற் கேள்விப்பத்திரங் கோரி விலையைக் குறைத்தது. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் மருந்துகளைப் பதிவுசெய்தலைக் கட்டாயமாக்கிற்று. ஆயினும் அவசர வேளையிற் பதிவின்றியும் இறக்குமதி செய்ய விலக்கு அளிக்கப்பட்டது.

2022 இல் அந்நியச் செலாவணி வற்றி மருந்துகள் அருகியபோது அவ்விலக்கு இன்றியமையாததாயிற்று. அவ்வழியே, நோயெதிர்ப்பாற்றல் குன்றியோர்க்கு நரம்புவழி ஏற்றப்படும் இமியூனோகுளோபுலின் என்னும் பெயரில் வந்த மருந்து நோயாளர்க்கு ஒவ்வாமை விளைத்ததால், 2023 இல் ஐயம் எழுந்தது. இறக்குமதிப் பத்திரங்கள் போலியானவை என்ற முறைப்பாட்டின்மேல் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணை நடாத்தியது. வழங்குநரும் சுகாதார அமைச்சின் உயரதிகாரிகளும் கைதாயினர். முன்னாட் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரி 2 ஆந் திகதி கைதுசெய்யப்பட்டார். குற்றம் உண்டோ இன்றோ என்பதை நீதிமன்றமே தீர்த்தல் வேண்டும்.

எனினும் இந்நிகழ்ச்சி உணர்த்துவது ஒன்றுண்டு. முதலில் ஐயத்தை எழுப்பியது அலுவலகக் கோப்பன்று. கட்டிலருகே கண்ட மாற்றமேயாகும். அவசர விலக்கை முற்றாக மூடின் மருந்தின்றி நோயாளர் மாள்வர். ஆதலின் விலக்கு வழங்கும்போதே, உற்பத்தியாளரிடம் நேரே வினாவி உறுதிபெறலும், விநியோகத்துக்கு முன் மாதிரியைப் பரிசோதித்தலும் அதனோடு இணைக்கப்படல் வேண்டும். நாளை அக்கோப்புகளிற் கையொப்பமிடவிருக்கும் நம் மாணவர், ஒவ்வொரு பத்திரத்தின் பின்னும் ஒரு நோயாளி உளன் என்பதை இன்றே அறிந்துகொள்வாராக.