குடும்பத்துக்கும் வயது உண்டு

மலேசியாவின் ஜோகூர் மாநிலத்து மெர்சிங் என்றால் பலருக்கும் படகுத்துறைதான் நினைவுக்கு வரும். தியோமான், ராவா என்று தீவுகளுக்குப் போகிறவர்கள் காரை நிறுத்திவிட்டுச் சீட்டு வாங்கும் இடம். நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று வலுத்தால் படகுகள் குறைந்து ஊரும் ஓய்ந்துவிடும். கடலைப் பார்த்தபடி நிற்பவர்கள் தங்கள் முதுகுக்குப் பின்னால் கிடக்கும் மாவட்டத்தைக் கவனிப்பதில்லை. அங்கே செம்பனைக் காடுகளுக்கு நடுவே தெங்காரோ, நித்தார் என்ற பெல்டா குடியேற்றங்கள் இருக்கின்றன. இன்னும் உள்ளே போனால், எண்டாவ் ஆற்றின் மேற்பகுதியில், ஜக்கூன் பூர்வகுடியினர் வாழும் கம்போங் பெத்தா. ஒரு குடும்பம் எப்படித் தொடங்கி, பெருகி, கிளைத்து, முதுமை அடைகிறது என்று ஆராய்கிறவர்களுக்கு இப்படி ஒரு மாவட்டம் அமைவது அபூர்வம்.

முதலில் பெல்டா. 1956இல் மலாயா அரசு தொடங்கிய நிலக்குடியேற்ற அமைப்பு இது. காட்டைத் திருத்தி ரப்பரும் செம்பனையும் நட்டு, நிலமில்லாத கிராமத்தவருக்குச் சுமார் 10 ஏக்கரும் ஒரு வீடும் கொடுத்தது. செலவை விளைச்சலிலிருந்து தவணையில் கழித்துக்கொண்டது. விண்ணப்பிப்பவர் திருமணமானவராக இருக்க வேண்டும், காட்டு வேலைக்குத் தெம்பான வயதில் இருக்க வேண்டும். 1990இல் புதியவர்களைச் சேர்ப்பது நின்றபோது 112,635 பேர் இப்படிக் குடியேறியிருந்தார்கள். பெரும்பாலோர் மலாய்க்காரர்கள்.

இந்த விதிகளை எழுதிய அதிகாரிகள் ஒரு சமூகவியல் சோதனையை நடத்துகிறோம் என்று நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் நடந்தது அதுதான். சாதாரண ஊரில் ஒரு வீட்டில் கிழவி தனியாக இருப்பாள், எதிர்வீட்டில் புதுமணத் தம்பதி இருப்பார்கள், அடுத்த வீட்டில் மூன்று தலைமுறை நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். பெல்டாவில் எல்லா வீட்டுக் கணவன் மனைவியும் ஏறக்குறைய ஒரே வயது. ஊரே ஒன்றாகப் பிள்ளை பெற்றது, ஒன்றாகப் பள்ளிக்கு அனுப்பியது, ஒன்றாக நரைத்தது.

இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு என்ன ஆகும் என்று ஒரு ரஷ்யர் முன்பே கணக்குப் போட்டிருந்தார். அலெக்சாந்தர் சயானோவ் என்ற அந்த வேளாண் பொருளியலாளர் 1925இல் வெளியிட்ட நூலில், உழவர் குடும்பத்தின் உழைப்பை முடிவு செய்வது பேராசையோ சோம்பலோ அல்ல, அந்தக் குடும்பத்தின் வயது என்று வாதிட்டார். புதுமணத் தம்பதிக்கு உண்ணும் வாய் இரண்டு, உழைக்கும் கையும் இரண்டு பேருடையவை. பிள்ளைகள் பிறக்கப் பிறக்க வாய் கூடுகிறது, கை கூடுவதில்லை. அவர் போட்ட மாதிரிக் கணக்கில் திருமணமாகிச் சுமார் 14ஆம் ஆண்டில் சுமை உச்சத்தைத் தொடும். மூத்த பிள்ளை வயலில் இறங்கிய பிறகே அது தணியும். ஆக, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு குடும்பங்களில் ஒன்று ஏழையாகவும் மற்றது வசதியாகவும் தெரிந்தால், அது வர்க்க வேறுபாடாக இல்லாமல் வயது வேறுபாடாகவும் இருக்கலாம். ஸ்டாலின் காலத்தில் இந்தக் கருத்துக்கு என்ன மதிப்பு கிடைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1937இல் சயானோவைச் சுட்டுக் கொன்றார்கள்.

அவருடைய கணக்கு பெல்டாவில் பாதிதான் பலித்தது. பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது சுமை ஏறியது உண்மை. ஆனால் அவர்கள் கை கொடுக்கும் வயதை எட்டியபோது தோட்டத்தில் இல்லை. பள்ளி அவர்களை விடுதிக்கும், விடுதி அவர்களைப் பட்டணத்துக்கும் அனுப்பிவிட்டது. இன்னொரு காரணம் சட்டத்தில் இருந்தது. ரஷ்யக் கிராமங்களில் குடும்பம் பெருகினால் ஊர்ப் பொதுநிலத்தைத் திரும்பப் பங்கிட்டுக் கொடுக்கும் வழக்கம் இருந்தது, நிலம் குடும்பத்தின் பின்னே ஓடியது. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு குழு நிலக்குடியேற்றச் சட்டமோ பெல்டா நிலத்தைத் துண்டாட அனுமதிக்கவில்லை. ஆறு பிள்ளைகள் பிறந்தாலும் அதே 10 ஏக்கர்தான். நிலம் நகரவில்லை, எனவே பிள்ளைகள் நகர்ந்தார்கள்.

இதில் மரமும் ஒரு பாத்திரம். செம்பனை நட்ட மூன்றாம் ஆண்டு வாக்கில் குலை தள்ளும். இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் குலை எட்டாத உயரத்துக்குப் போய்விடும், விளைச்சலும் குறையும். பிறகு வெட்டிச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்ய வேண்டும். முப்பது வயதில் நிலம் வாங்கியவருக்கு மறுநடவு வரும்போது ஐம்பத்தைந்து வயது. மரம் மீண்டும் குழந்தையாகிறது, அவர் ஆகமுடியாது. புதுக்கன்று காய்க்கும்வரை கடனில்தான் வீட்டுச் செலவு.

மானுடவியலாளர் மெயர் ஃபோர்ட்டஸ் மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானாவின் அஷாந்தி மக்களிடம் வேலை செய்தபோது இதே விஷயத்தை வேறு பக்கத்திலிருந்து பிடித்தார். கணக்கெடுப்புத் தாளில் தனிக்குடும்பம், கூட்டுக்குடும்பம், தனியாள் வீடு என்று மூன்று வகை தெரியும். இவை மூன்று வகைக் குடும்பங்களாக இருக்கவேண்டியதில்லை, ஒரே வகைக் குடும்பத்தின் மூன்று வயதுகளாக இருக்கலாம் என்றார். விரிதல், பிரிதல், இடம்மாறிக் கொடுத்தல் என்ற அவருடைய மூன்று கட்டங்கள் 1958இல் ஜாக் குடி பதிப்பித்த தொகுப்பின் வழியே பரவலாயின. ஒரே ஒரு ஆண்டின் புள்ளிவிவரத்தைக் காட்டி, கூட்டுக்குடும்பம் அழிந்துவிட்டது என்று நம் பத்திரிகைகள் அங்கலாய்க்கும்போதெல்லாம் எனக்கு ஃபோர்ட்டஸ் நினைவு வரும்.

தமிழர் கதையைச் சொல்லாமல் ஜோகூர்ச் செம்பனையைப் பற்றிப் பேச முடியாது. தோட்டத்துத் தமிழ்க் குடும்பம் தொடங்கியதே ஊனத்தோடு. கங்காணிகள் அழைத்து வந்தவர்களில் பெரும்பாலோர் இளம் ஆண்கள். 1931 கணக்கெடுப்பில்கூட மலாயா இந்தியரிடையே பெண்களின் எண்ணிக்கை ஆண்களில் பாதியைத் தொடவில்லை. தாத்தாவும் பாட்டியும் தமிழகத்துக் கிராமத்திலேயே தங்கிவிட்டார்கள். பெரட்டு எனப்படும் ஆள்கணக்குக்கு விடியுமுன்னே போகும் தாய், கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுப் போனாள். பாட்டியின் வேலையை நிர்வாகம் சம்பளம் கொடுத்து நியமித்த ஒரு ஆயா செய்தார். வந்தவர்கள் பேரப்பிள்ளை பார்த்துப் பாட்டியான பிறகுதான் அங்கே மூன்று தலைமுறைக் குடும்பமே உருவானது. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் அனுப்புவதைத் தடுத்ததும் அதற்கு ஒரு வகையில் உதவியது, வருவதும் போவதும் குறைந்து குடும்பங்கள் வேரூன்றின. அடுத்த சில ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம் ரயில்பாதைக்கு ஆட்களைப் பிடித்துப் போனபோது அந்த வேர்களில் பல அறுந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெல்டாக்காரருக்கு வீடு சொந்தம். தோட்டத் தொழிலாளரின் லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். இந்த ஒரு வித்தியாசம் முதுமையின் வடிவத்தையே மாற்றியது. 55 வயதில் ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வரும் நேரமும், வீட்டைக் காலி செய்யவேண்டிய நேரமும் ஒன்றாக வந்தன. பிள்ளைகளில் ஒருவராவது அதே தோட்டத்தில் வேலை செய்தால் பெரியவர்கள் வீட்டில் நீடிக்கலாம். அதனால் படிக்கக்கூடிய பிள்ளையும் பால்மரம் வெட்டப் போனதுண்டு. அதைப் பெற்றோர் மீதான பாசம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது எனக்கு நியாயமாகப் படவில்லை, அது வாடகையும்தான். 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் பணத்திலேயே தோட்டங்களை வாங்கியதை இந்தப் பின்னணியில் பார்க்கலாம்.

எண்டாவ் ஆற்று ஜக்கூன் மக்களிடம் நிலைமை வேறு. 1960களில் அவர்களோடு தங்கி ஆராய்ந்தவர் ஜப்பானியரான மயேதா நாரிஃபூமி. தாய்வழியையும் தந்தைவழியையும் சமமாக எடுத்துக்கொள்ளும் அவர்களிடம், இந்த வீட்டோடு குடும்பம் முடிகிறது என்று கோடு போட அவரால் முடியவில்லை. 1975இல் அவர் ‘குடும்ப வட்டம்’ என்ற கருத்தை முன்வைத்தார். குடும்பம் என்பது சுவர் வைத்த அறை அல்ல, இருவர் இருவராகப் பின்னிய உறவுகளின் தொகுப்பு, யாரிடம் கேட்கிறோமோ அவரைப் பொறுத்து வட்டம் மாறும் என்பது அதன் சாரம். இங்கே மணவிலக்கு ஒரு குடும்பத்தின் முடிவு அல்ல, வட்டத்தின் ஒரு நெகிழ்வு. குழந்தை பாட்டி வீட்டில் வளர்ந்தால் அதை யாரும் சிதைந்த குடும்பம் என்று சொல்வதில்லை.

மணவிலக்கு என்றதும் கிழக்குக் கடற்கரையின் இன்னொரு விந்தை நினைவுக்கு வருகிறது. மேற்கத்திய சமூகவியலின் பெரிய பெயர்களில் ஒருவரான வில்லியம் குட், 1963இல், தொழில்மயம் பரவப் பரவ உலகக் குடும்பங்கள் எல்லாம் சிறு தம்பதிக் குடும்பத்தை நோக்கிப் போகும் என்றார். நவீனமானால் மணவிலக்கு கூடும் என்ற நினைப்பும் அப்போது பரவலாக இருந்தது. கிளந்தானிலும் திரெங்கானுவிலும் 1950 வாக்கில் நூறு மலாய்த் திருமணங்களுக்கு ஐம்பதுக்கு மேல் மணவிலக்குகள் பதிவாயின. அதன் பிறகு நாடு நவீனமானது, மணவிலக்கு சரிந்தது. காரணம் பெரிதாக மறைந்திருக்கவில்லை. 1957இல் மலாய்ப் பெண்ணின் சராசரித் திருமண வயது சுமார் 18. அடுத்த கால் நூற்றாண்டில் அது 22ஐ எட்டியது. பெரியவர்கள் முடித்துவைத்த முதல் கல்யாணத்திலிருந்து வெளியேறத்தான் அதுவரை மணவிலக்கு பயன்பட்டது. பெண்ணே படித்து, தாமதித்து, தானே தேர்ந்தெடுத்தபோது அந்த வாசலின் தேவை குறைந்தது. கிளந்தானின் காலோக் கிராமத்துக்கு 1970இல் போன த்சுபோஉச்சி யோஷிஹிரோ, முப்பது ஆண்டுக் காலம் அதே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போய் இந்த மாற்றத்தை வீடு வீடாகப் பதிவு செய்தார்.

பொறுமையான இந்த வகை ஆராய்ச்சியில் மலேசியாவுக்கு நல்ல பெயர் உண்டு. 1976-77இல் 1,262 வீடுகளில் பெண்களின் வாழ்க்கை வரலாற்றை, திருமணம், பேறு, இடப்பெயர்வு என்று ஆண்டுவாரியாகக் கேட்டுத் தொகுத்தது முதல் மலேசியக் குடும்ப வாழ்க்கை ஆய்வு. 1988-89இல் அதே பெண்களைத் தேடிப் போனார்கள், முதியவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். 60 வயதைத் தாண்டியவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் வளர்ந்த பிள்ளையோடு ஒரே வீட்டில் இருந்தார்கள். ஆசியப் பண்பாடு என்று பெருமைப்பட்டு நிறுத்திக்கொள்ளலாம். இந்த விவரங்களை அலசிய ஆய்வாளர்கள் ஜூலி டாவான்சோவும் ஏஞ்சலிக் சானும் நிறுத்தவில்லை. வீட்டு விலை அதிகமான ஊர்களிலும், தம்பதியரில் ஒருவர் நோயுற்றபோதும் இந்தச் சேர்ந்து வாழ்தல் கூடியது. துணையை இழந்த முதியவர்களில் கையில் காசுள்ளவர்கள் தனியே இருப்பதையே அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். பண்பாடு பொய் என்று இதற்குப் பொருள் அல்ல, அதற்கும் ஒரு விலைப்பட்டியல் இருக்கிறது என்று பொருள்.

2022இல் மலேசியப் பெண் ஒருவருக்குச் சராசரிப் பிள்ளைப்பேறு 1.6ஆக இறங்கியது. சயானோவின் சுமைக்கோடு இனி 14ஆம் ஆண்டில் மலையாக எழும்பாது. மேடு பிற்பாடு வரும், மேலே தாங்கவேண்டிய வாய்கள் பெற்றோருடையவை. மலாயாப் பல்கலைக்கழகம் 2018இல் தொடங்கிய முதுமை, ஓய்வு ஆய்வு இப்போது 40 வயதுக்கு மேற்பட்ட அதே ஆட்களைச் சில ஆண்டு இடைவெளியில் திரும்பச் சந்திக்கிறது. பெல்டாவில் பிறந்து, 10 ஏக்கரில் இடமில்லாமல் பட்டணம் போன பிள்ளைகள் பலர் அந்த வயதுக்கு வந்துவிட்டார்கள்.