கூரையில் அணில் குடித்தனம்

மேலே என்ன சத்தம்?

கூரையில் ஏதோ ஓடுகிறது. சுவரும் கூரையும் சேரும் இடத்தில் பிறாண்டும் சத்தம் கேட்கிறது. பரணில் இருந்து தேங்காய் நாரும் பஞ்சும் கீழே விழுகின்றன.

"எலி வந்துவிட்டது" என்று பலர் நினைக்கிறார்கள். உடனே கடைக்குப் போய் எலி மருந்து வாங்கி வருகிறார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். வந்தது எலிதானா? முதலில் அதைத் தெரிந்துகொள்வோம்.

எலியா? அணிலா?

எலி பெரும்பாலும் இரவில் நடமாடும். அணில் பகலில் நடமாடும். பொழுது சாய்ந்தால் கூட்டுக்குப் போய்விடும். பொழுது விடிந்தால் வெளியே வரும்.

ஆகவே, இரவில் சத்தம் கேட்டால் அது எலியாக இருக்கலாம். காலையிலும் மாலையிலும் சத்தம் கேட்டால் அது அணிலாக இருக்கலாம். காலையில் வெளியே நின்று கூரையைப் பாருங்கள். அணில் எந்தப் பொந்து வழியாக வருகிறது என்று தெரிந்துவிடும்.

தென்னிந்தியாவில் உள்ள அணிலுக்கு முதுகில் மூன்று கோடுகள். வட இந்தியாவில் அதிகம் காணப்படும் அணிலுக்கு ஐந்து கோடுகள். இராமர் தடவிக் கொடுத்ததால் வந்த கோடு என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். இரண்டு அணில்களும் மனிதர் வாழும் இடங்களில் பழகியவை. தோப்பிலும் இருக்கும். தெருவிலும் இருக்கும். வீட்டுக் கூரையிலும் இருக்கும்.

வீட்டுக்குள் ஏன் வருகிறது?

அணில் மரப் பொந்திலும் கிளைகளுக்கு நடுவிலும் கூடு கட்டும். அணிலுக்கு நம் கூரையும் ஒரு மரப் பொந்து போலத்தான். மழை படாது. பருந்து தூக்காது. பூனை எளிதில் எட்டாது. குட்டி போட நல்ல இடம்.

ஓட்டு வீட்டில் ஓடுகளின் ஓரத்தில் சந்து இருக்கும். ஷீட் போட்ட வீட்டில், ஷீட்டின் வளைவுக்கும் சுவருக்கும் நடுவே ஓட்டை இருக்கும். மாடி வீட்டில் வெண்டிலேட்டர் வழியாக வரும். குழாய்க்காகச் சுவரில் போட்ட துளை வழியாகவும் வரும்.

என்ன கெடுதல்?

அணிலின் முன் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளரும். எதையாவது கடித்துக்கொண்டே இருந்தால்தான் பற்கள் தேயும். அதனால் மரச் சட்டத்தைக் கடிக்கும். துணியைக் கடிக்கும். மூட்டையைக் கடிக்கும்.

கரண்ட் வயரையும் கடிக்கும். இதுதான் பெரிய ஆபத்து. வயரின் மேல் உறை போய்விட்டால் தீப்பொறி வரும். பக்கத்தில் நாரும் பஞ்சும் கூடாகக் கிடக்கும். தீ பிடிக்க வேறு என்ன வேண்டும்?

வயர் கடிபட்டிருந்தால் தொடாதீர்கள். மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

விஷம் வேண்டாம்

அணிலை விரட்ட விஷம் வைப்பது தவறு. ஏன்?

விஷம் தின்ற அணில் பொந்துக்குள்ளேயே சாகும். வீடு நாறும். ஈ மொய்க்கும். செத்ததைத் தின்னும் பூனைக்கும் நாய்க்கும் ஆபத்து வரலாம். பொந்து திறந்தே இருந்தால் அடுத்த அணில் வந்துவிடும்.

இதை எல்லாம் விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அது வீட்டில் உள்ள குழந்தைக்கு.

எலி மருந்தில் பல வகை உண்டு. சில மருந்தில் மஞ்சள் பாஸ்பரஸ் இருக்கிறது. அது பசை போல இருக்கும். ரொட்டியில் தடவி வைப்பார்கள். குழந்தை தின்பண்டம் என்று எடுத்துத் தின்றுவிடும். முதலில் கொஞ்சம் வாந்தி வரும். பிறகு குழந்தை தேறியது போலத் தெரியும். ஆனால் உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டே இருக்கும். சில நாளில் உயிருக்கே ஆபத்து வரும். இந்த விஷத்துக்கு என்று தனி மாற்று மருந்து இல்லை.

யாராவது விஷம் தின்றுவிட்டால் ஒரு நிமிடமும் தாமதம் வேண்டாம். "நன்றாகத்தானே இருக்கிறான்" என்று காத்திருக்க வேண்டாம். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்து இருந்த டப்பாவையோ அட்டையையோ கையோடு கொண்டு போங்கள். அதைப் பார்த்தால் எந்த விஷம் என்று டாக்டருக்குத் தெரியும்.

குட்டி இருக்கிறதா?

விஷம் வேண்டாம் என்றால் என்ன செய்வது? வழியை அடைக்க வேண்டும். ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது.

ஒரு வீட்டில் மருமகள் கேட்டாள்: "அத்தை, பொந்தை இன்றைக்கே அடைத்துவிடலாமா?"

மாமியார் சொன்னாள்: "அவசரப்படாதே அம்மா. உள்ளே குட்டி இருந்தால்? தாய் வெளியே தவிக்கும். குட்டிகள் பசியில் சாகும். நாற்றம் நமக்குத்தானே?"

மாமியார் சொன்னது சரி. அணில் ஒரு ஈற்றில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று குட்டி போடும். பிறந்த குட்டிக்கு முடி இருக்காது. கண் திறந்திருக்காது. தென்னிந்திய அணில் குட்டி ஏறக்குறைய 10 வாரத்தில் பால்குடி மறக்கும்.

டார்ச் அடித்துக் கூட்டைப் பாருங்கள். கையை உள்ளே விட வேண்டாம். பாம்பும் தேளும் இருக்கலாம். மெல்லிய கீச்சுக் குரல் கேட்டால் குட்டி இருக்கிறது என்று பொருள்.

குட்டி இருந்தால் சில வாரம் பொறுத்துக்கொள்வது நல்லது. வளர்ந்தால் தானே வெளியே போகும். பொறுக்க முடியாது என்றால், பகலில் அந்த இடத்தில் வெளிச்சம் வையுங்கள். தட்டி ஓசை எழுப்புங்கள். இடம் பிடிக்காவிட்டால் தாய் அணில் குட்டிகளை வாயில் கவ்வி வேறு இடத்துக்குக் கொண்டு போகும்.

பொந்தை அடைப்பது எப்படி?

1. அணில் வந்து போகும் எல்லாப் பொந்துகளையும் கண்டுபிடியுங்கள். ஒன்றை விட்டாலும் பயன் இல்லை.

2. பழைய செய்தித்தாளைக் கசக்கிப் பொந்தில் லேசாகச் சொருகுங்கள். உள்ளே அணில் இருந்தால் தாளைத் தள்ளிவிடும். மூன்று நாள் தாள் அசையாமல் இருந்தால் உள்ளே யாரும் இல்லை.

3. பிறகு கூட்டை எடுத்துவிடுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். கையில் உறை போடுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

4. பொந்தை இரும்புக் கம்பி வலை வைத்து அடையுங்கள். வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சுற்றிலும் சிமெண்ட் கலவை பூசுங்கள். துணி, அட்டை, பிளாஸ்டிக் வைத்து அடைத்தால் அணில் கடித்துவிடும்.

5. வெண்டிலேட்டரை முழுவதும் மூடாதீர்கள். காற்று வேண்டும். கம்பி வலை மட்டும் அடியுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்க வேண்டாம். துளைக்கவும் வேண்டாம். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல்.

மீண்டும் வராமல் இருக்க

கூரையைத் தொடும் கிளைகளை வெட்டுங்கள். கிளைக்கும் கூரைக்கும் 6 அடியாவது இடைவெளி வேண்டும். மரத்தையே வெட்ட வேண்டாம். மரம் போனால் அணில் கூரையைத்தான் தேடும்.

நெல், கடலை, தேங்காய் ஆகியவற்றைத் திறந்து வைக்காதீர்கள். மூடி உள்ள தகர டின்னில் வையுங்கள். வெளியே உணவு சிந்தினால் பெருக்கிவிடுங்கள்.

அணிலைக் கையால் பிடிக்க வேண்டாம். பயந்தால் கடிக்கும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் காட்டுங்கள்.

ஒரு கம்பி வலைத் துண்டு. ஒரு சட்டி சிமெண்ட் கலவை. கொஞ்சம் பொறுமை. இவ்வளவுதான் செலவு. வயரும் தப்பும். அணிலும் தப்பும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுக்குள் விஷம் வராது.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் வீட்டுக் கூரையில் எந்த எந்த இடத்தில் பொந்து இருக்கிறது?

2. பொந்தை அடைக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

3. உங்கள் வீட்டில் எலி மருந்து இருக்கிறதா? அது குழந்தையின் கைக்கு எட்டுமா?