மின்கலன் மின்னேற மறுக்கிறதா? குற்றவாளி வேறாக இருக்கலாம்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகள் ஒருநாள் இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் அழைத்தாள். மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் ஒப்படைக்க வேண்டிய திட்டப்பணி மடிக்கணினிக்குள் இருந்தது. திரையின் மூலையில் 11 விழுக்காடு. மின்னேற்றியைச் செருகியிருந்தும் எண் கூடவில்லை, குறைந்துகொண்டே வந்தது.

“சித்தப்பா, மூணு வாரத்துக்கு முன்னாலதான் கடையில புது பேட்டரி மாத்தினேன். அதுவும் போயிடுச்சா?”

முதலில் கோப்பை இணையச் சேமிப்பகத்தில் ஏற்றச் சொன்னேன். கணினியைப் பிறகு பழுதுபார்த்துக் கொள்ளலாம், கோப்பு போனால் போனதுதான். அடுத்து, பக்கத்து வீட்டுத் தோழியிடம் அதே வகை மின்னேற்றியை இரவல் வாங்கிச் செருகச் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் எண் ஏறத் தொடங்கியது. அவளுடைய மின்னேற்றியின் கம்பி, கணினியில் செருகும் முனைக்கு அருகே, உறைக்குள்ளேயே அறுந்திருந்தது. புதிய மின்கலனில் குறை எதுவும் இல்லை. பணம் கொடுத்து மாற்றிய பழையதும் நன்றாகவே இருந்திருக்கக்கூடும்.

மடிக்கணினி மின்னேறவில்லை என்றதும் எல்லாருடைய சந்தேகமும் மின்கலன்மீதுதான் விழுகிறது. ஆனால் வயதான மின்கலன் பெரும்பாலும் வேறு விதமாக நடந்துகொள்ளும். அதில் மின்சாரம் ஏறும், ஆனால் தங்காது. விரைவில் 100 விழுக்காட்டைத் தொடும், கம்பியைக் கழற்றிய ஒரு மணி நேரத்தில் தீர்ந்துபோகும். “ஏறவில்லை” என்பதும் “தங்கவில்லை” என்பதும் இரண்டு வேறு நோய்கள். ஏறவில்லை என்றால், சுவரிலிருந்து மின்கலன்வரை மின்சாரம் வரும் பாதையை வரிசையாகச் சோதிப்பதே நல்லது.

சுவரிலிருந்து தொடங்குங்கள்

அதே மின்குதையில் ஒரு விசிறியையோ விளக்கையோ செருகிப் பாருங்கள். நீட்டிப்புக் கம்பியைப் பயன்படுத்தினால் அதைத் தவிர்த்து, மின்னேற்றியை நேரடியாகச் சுவரில் செருகுங்கள். நம் ஊர் மூன்று முனைச் செருகிக்குள் ஓர் உருகி இருக்கும்; அது உருகிப்போனாலும் மின்சாரம் வராது. பெட்டி போன்ற மின்னேற்றியாக இருந்தால், சுவரிலிருந்து வரும் கம்பி பெட்டியோடு சேரும் இடம் தளர்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள்.

பெட்டியில் சிறு விளக்கு எரிந்தால் அதுவரை மின்சாரம் வருகிறது என்று பொருள். அதற்கு அப்பால் உள்ள கம்பியைப் பற்றி அந்த விளக்கு எதுவும் சொல்லாது. முனைக்கு அருகே கம்பியை மெல்ல வளைக்கும்போது மின்னேற்றக் குறி வந்து வந்து மறைந்தால் உள்ளே இழைகள் அறுந்திருக்கின்றன. அதை ஒட்டுநாடா சுற்றிப் பயன்படுத்த வேண்டாம். எஞ்சிய சில இழைகள் மொத்த மின்னோட்டத்தையும் தாங்கும்போது அந்த இடம் சூடாகும்.

அடுத்தது கணினியின் துளை. பையிலேயே கிடக்கும் கணினிகளின் துளைக்குள் பஞ்சுத் துகள் அடைந்து, முனை முழுதாக உள்ளே போகாமல் தடுப்பதுண்டு. கணினியை அணைத்துவிட்டுக் கைவிளக்கால் பாருங்கள். உலர்ந்த மென்தூரிகையோ மரப் பல்குச்சியோ போதும். ஊசி, ஊக்கு போன்ற உலோகப் பொருள் எதுவும் வேண்டாம்.

வாட் போதுமா?

இப்போது பல மடிக்கணினிகளுக்கும் திறன்பேசிகளுக்கும் ஒரே யுஎஸ்பி-சி துளைதான். துளை ஒன்று என்பதால் மின்னேற்றியும் ஒன்றே என்று நினைத்துவிடுகிறோம். மின்னேற்றியின் அடியில் அச்சிட்டிருக்கும் எண்களைப் பாருங்கள். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் கிடைக்கும். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்றால் 65 வாட். திறன்பேசிக்கு வரும் மின்னேற்றிகளில் பல 20 வாட் அளவில்தான் இருக்கும். அதைச் செருகினால் சில கணினிகள் ஏற்றுக்கொள்ளவே மாட்டா. சில, உறக்க நிலையில் மட்டும் மெதுவாக மின்னேறும். சில, நாம் வேலை செய்யும்போது வரவைவிடச் செலவு அதிகமாகி எண் இறங்கும்.

யுஎஸ்பி-சி முறையில் மின்னேற்றி எடுத்தவுடன் 20 வோல்ட்டைத் தருவதில்லை. 5 வோல்ட்டில் தொடங்கி, கணினியும் மின்னேற்றியும் தகவல் பரிமாறி, இரண்டுக்கும் ஒத்துவரும் அளவை முடிவு செய்கின்றன. கம்பியும் இதில் ஒரு பங்காளி. சாதாரண யுஎஸ்பி-சி கம்பி 3 ஆம்பியர்வரைதான் தாங்கும்; 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் வேண்டுமானால், தன் திறனை அறிவிக்கும் சிறு சில்லு உள்ள 5 ஆம்பியர் கம்பி தேவை.

உருளை முனை கொண்ட பழைய வகைகளிலும் இப்படியொரு விசாரணை உண்டு. சில நிறுவனங்களின் முனைக்கு நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். மின்னேற்றி தன்னை அடையாளம் காட்டுவது அதன் வழியாகத்தான். அது வளைந்தாலோ உடைந்தாலோ, கணினி இயங்கும்; ஆனால் மின்கலனுக்கு மின்சாரத்தை அனுப்பாது.

பழுதல்ல, பாதுகாப்பு

கம்பியும் மின்னேற்றியும் சரியாக இருந்தும் மின்னேறவில்லை என்றால், கணினி வேண்டுமென்றே மறுக்கிறதா என்று பாருங்கள்.

லித்தியம் அயனி மின்கலனில், மின்னேறும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து புறப்பட்டு மறுமுனையில் உள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் சென்று அமர்கின்றன. மடிக்கணினியின் மின்கலனுக்குள் இப்படிப்பட்ட கலங்கள் பல உண்டு. பொதுவாக ஒரு கலம் முழுதாக நிறையும்போது ஏறத்தாழ 4.2 வோல்ட்டில் இருக்கும். அந்த நிலையிலேயே நாள்கணக்கில், அதுவும் சூட்டில் இருந்தால், வேண்டாத வேதிவினைகள் கூடி ஆயுள் குறையும். அதனால்தான் பல கணினிகளில் 80 விழுக்காட்டோடு நிறுத்தும் வசதி இருக்கிறது. எந்நேரமும் மேசையில் செருகியபடியே இருக்கும் கணினியில் அது தானாகவே செயல்படத் தொடங்குவதும் உண்டு. எண் 80இல் நின்றால் கடைக்குப் போகாதீர்கள்; அமைப்புகளில் மின்கலன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 95 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்போது செருகினால் மின்னேறாமல் இருப்பதும் பல கணினிகளில் இயல்பே.

இன்னொரு காரணம் வெப்பம். பொதுவாக 0 முதல் 45 டிகிரி செல்சியஸ்வரைதான் இவ்வகைக் கலங்களுக்கு மின்னேற்றலாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்த கணினியும், மெத்தைமேல் வைத்துக் காற்றுத்துளைகளை அடைத்த கணினியும் அந்த எல்லையைத் தாண்டலாம். விசிறிக் காற்றில் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். குளிர்பதனப் பெட்டியில் வைக்காதீர்கள். உள்ளே நீர்த்துளி படியும்.

மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த கணினி என்றால் பொறுமை வேண்டும். அளவுக்கு மீறி வற்றிய கலத்துக்குக் கட்டுப்பாட்டுச் சுற்று முதலில் மிகக் குறைந்த மின்னோட்டத்தையே அனுப்பும். ஒரு மணி நேரம் அருகிலிருந்து கவனியுங்கள். அதன் பிறகும் அசைவில்லை என்றால், பாதுகாப்புக்காக அந்த மின்கலன் தன்னைப் பூட்டிக்கொண்டிருக்கலாம். அதை வலிந்து உயிர்ப்பிக்க முயல வேண்டாம்.

கடைசி இரண்டு சோதனைகள்

மின்னேற்றத்தை மேற்பார்வையிடும் சிறு கட்டுப்பாட்டுச் சில்லும் சில நேரம் குழம்பிப்போகும். கணினியை முழுதாக அணைத்து, மின்னேற்றியைக் கழற்றி, இயக்கப் பொத்தானை 20 முதல் 30 விநாடிவரை அழுத்திப் பிடித்துவிட்டு மீண்டும் செருகுங்கள். பல விண்டோஸ் கணினிகளில் இது அந்தச் சில்லைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

பிறகு மின்கலனின் உடல்நிலை அறிக்கை. விண்டோஸில் ‘பேட்டரி ரிப்போர்ட்’ என்ற பெயரில் இதை உருவாக்கலாம். அதற்கான ஒற்றை வரிக் கட்டளை மைக்ரோசாஃப்ட்டின் உதவிப் பக்கங்களில் இருக்கிறது. மேக் கணினியில் அமைப்புகளிலேயே தெரியும். விண்டோஸ் அறிக்கையில் இரண்டு எண்களை ஒப்பிடுங்கள்: புதிதாக இருந்தபோதைய கொள்ளளவு, இப்போது முழுதாக நிறையும்போதைய கொள்ளளவு. 50 வாட்-மணி இப்போது 45 என்றால் கவலையில்லை. 25 ஆகியிருந்தால் புதிய மின்கலன் வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

இங்கே நிறுத்துங்கள்

ஓர் அறிகுறியைக் கண்டால் இந்தச் சோதனைகள் எதையும் செய்யக்கூடாது. தொடுபலகை மேலெழும்பியிருக்கிறதா? மூடி சரியாக மூடவில்லையா? மேசையில் வைத்தால் கணினி ஆடுகிறதா? மின்கலன் உப்பியிருக்கலாம். உள்ளிருக்கும் மின்பகுபொருள் சிதைந்து வாயுவாக மாறியதால் வரும் உப்பல் அது. மின்னேற்றியைக் கழற்றி, கணினியை அணைத்துவிடுங்கள். அழுத்துவதோ குத்துவதோ கூடாது. எரியும் பொருள்கள் இல்லாத இடத்தில் வைத்து, சேவை நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்து எப்படிக் கொண்டுவருவது என்று கேளுங்கள். புகையோ சீறும் ஒலியோ வந்தால் கணினியைக் காப்பாற்ற நினைக்காமல் எல்லாரையும் வெளியேற்றிவிட்டு 995ஐ அழையுங்கள், மலேசியாவில் 999.

பயன் முடிந்த மின்கலனைக் குப்பை வழியில் போடவும் கூடாது. நசுங்கினால் தீப்பிடிக்கும். சிங்கப்பூரில் 2021 ஜூலை முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவுத் திட்டத்தின்கீழ் அதற்கெனச் சேகரிப்பு இடங்கள் இருக்கின்றன. ஆனால் உப்பியதைப் பொதுப் பெட்டியில் போடாமல் சேவை நிலையத்திலேயே ஒப்படையுங்கள்.

அண்ணன் மகள் மறுநாள் காலை எட்டரைக்குத் திட்டப்பணியை அனுப்பிவிட்டாள். பிறகு ஒரு புதிய கம்பியும் மின்னேற்றியும் வாங்கினாள். கடைக்குப் போகும் முன்பு நீங்கள் செய்யவேண்டியதும் அவள் செய்யத் தவறியதும் ஒன்றுதான்: நன்றாக வேலை செய்யும் வேறொரு மின்னேற்றியைச் செருகிப் பாருங்கள். மின்கலனை மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், அதை உங்கள் கண்முன்னே ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள்.