மலை ஏற மூச்சு வாங்கும் பழைய வண்டி! புதுக் குழாய் போட்டால் தீருமா?

கம்பம் பள்ளத்தாக்கின் கடைசி ஊர் லோயர் கேம்ப். அதற்கு அப்பால் மலைதான்.

அதிகாலை நேரம். இருட்டு இன்னும் விலகவில்லை. கம்பம், கூடலூர்ப் பக்கமிருந்து ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. உள்ளே ஏலத் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள். மடியில் தூக்குச் சட்டி. தலையில் இறுக்கக் கட்டிய துண்டு. அவற்றின் பின்னால், கேரளத்துச் சந்தைக்குக் காய்கறியும் திராட்சையும் ஏற்றிய பிக்-அப் வண்டிகள்.

லோயர் கேம்பைத் தாண்டியதும் வண்டிகளின் குரல் மாறுகிறது. டிரைவர் கியரைக் குறைக்கிறார். என்ஜின் உறுமுகிறது. மேலே, சுமார் 3,000 அடி உயரத்தில் குமுளி. வழியெல்லாம் வளைவுகள்.

புது வண்டிக்கு இது ஒரு பொருட்டல்ல. இருபது வருஷம் ஓடிக் களைத்த வண்டிக்கு? அது மூச்சு வாங்குகிறது. பின்னால் வரும் பஸ் ஹாரன் அடிக்கிறது. வண்டிக்காரருக்கு அவமானமாக இருக்கிறது. அப்போதுதான் ஓர் ஆசை பிறக்கிறது.

"புகைக் குழாயை மாற்றினால் என்ன?"

மலையடிவாரத்தில் ஒரு பட்டறை. அப்பாவின் பழைய பிக்-அப்பை ஓட்டும் இளைஞர் ஒருவர் வந்து நின்றார்.

"ஏண்ணே, நாலு குழாய் வச்ச மேனிபோல்டு போட்டா வண்டி பிச்சுக்கிட்டுப் போகுமாம்ல?"

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"போகும்யா. மொதல்ல உன் பணந்தான் பிச்சுக்கிட்டுப் போகும்."

மெக்கானிக் சொன்னது சரிதானா? பார்ப்போம்.

நான்கு வாசல், ஒரு சந்து

என்ஜினுக்குள் எண்ணெய் எரிகிறது. எரிந்த புகை வெளியே போயாக வேண்டும். போனால்தான் புதுக் காற்று உள்ளே வரும். நாம் மூச்சு விடுவது போலத்தான் இதுவும்.

பிக்-அப் வண்டியின் என்ஜினில் பெரும்பாலும் நான்கு சிலிண்டர்கள். நான்கிலிருந்தும் வரும் புகையை வாங்கி, ஒரே குழாயில் சேர்த்துச் சைலன்சருக்கு அனுப்பும் இரும்புப் பாகம் ஒன்று உண்டு. அதுதான் எக்ஸாஸ்ட் மேனிபோல்டு. கம்பெனி கொடுப்பது கனமான வார்ப்பிரும்பு. பார்க்க அழகாக இராது. ஆனால் பல வருஷம் உழைக்கும்.

சினிமாக் கொட்டகையில் படம் விட்டதும் என்ன நடக்கிறது? நான்கு வாசலிலும் ஜனங்கள் வருகிறார்கள். நான்கும் ஒரே சந்தில் திறந்தால் ஒருவரை ஒருவர் இடிக்கிறார்கள். வார்ப்பிரும்பு மேனிபோல்டிலும் கொஞ்சம் அப்படித்தான். ஒரு சிலிண்டர் தள்ளும் புகை, பக்கத்துச் சிலிண்டரின் வழியில் போய் முட்டுகிறது.

நான்கு வாசலுக்கும் தனித்தனியே நீளமான பாதை போட்டு, தூரத்தில் ஒன்றாகச் சேர்த்தால்? அதுதான் 'ஹெட்டர்' என்கிற நான்கு குழாய்.

லோயர் கேம்ப்காரர்களுக்கு நான்கு குழாய் புதிதல்ல. 1895-ல் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்து வந்து, நான்கு ராட்சதக் குழாய்களில் இறங்கித்தான் இங்குள்ள மின் நிலையத்தைச் சுற்ற வைக்கிறது. மலைப்பாதையில் போகும்போதே அவற்றைப் பார்க்கலாம்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தண்ணீர் இடைவிடாமல் வருகிறது. புகை துடிப்புத் துடிப்பாக வருகிறது. என்ஜின் நிமிஷத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றினால், நான்கு சிலிண்டரும் சேர்ந்து 4,000 தடவை புகையைத் தள்ளுகின்றன. ஒரு துடிப்பு வேகமாக வெளியே ஓடும்போது, அதன் பின்னால் ஒரு வெற்றிடம் போல உண்டாகிறது. அது அடுத்த சிலிண்டரின் புகையைப் பிடித்து இழுக்கிறது. குழாயின் நீளமும் அகலமும் சரியாக அமைந்தால்தான் இந்த இழுப்புச் சரியான நேரத்தில் கிடைக்கும்.

எப்படிச் சரியாக அமைப்பது? அங்கேதான் இருக்கிறது சங்கதி.

பந்தயக் குதிரையும் வண்டி மாடும்

பந்தயக் கார்களுக்கு இந்தக் குழாய் வரப்பிரசாதம். 1966-ல் பிரான்சில் நடந்த லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அமெரிக்காவின் போர்டு கார்கள் ஜெயித்தன. அந்த ஜி.டி.40 வகைக் கார்களின் பின்னால் பார்த்தால், வெள்ளைக் குழாய்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். 'பாம்புக் கட்டு' என்றே அதற்குப் பெயர். குழாய்களின் நீளத்தைச் சமமாக்க அத்தனை வளைவு, அத்தனை நெளிவு!

ஆனால் பந்தயக் காரின் என்ஜின் எப்போதும் உச்ச வேகத்தில் சுற்றுவது. குமுளி மலையில் மூட்டை ஏற்றிப் போகும் டீசல் வண்டியோ, இரண்டாவது கியரில், பாதி வேகத்தில் முனகிக்கொண்டு ஏறுவது. பந்தயக் குதிரைக்கு அடிக்கும் லாடத்தை வண்டி மாட்டுக்கு அடிக்கலாமா?

குழாய் அளவுக்கு மீறி அகலமானால் புகையின் ஓட்டம் மந்தமாகிவிடும். மேட்டில் வேண்டிய இழுவை கூடுவதற்குப் பதில் குறையும்.

இன்னொன்று. பழைய பிக்-அப்களில் பலவற்றில் டர்போ இருக்கிறது. டர்போ என்பது புகையின் சூட்டிலும் அழுத்தத்திலும் சுற்றும் ஒரு சிறு காற்றாடி. அது காற்றை அமுக்கி என்ஜினுக்குள் அனுப்புகிறது. கனமான வார்ப்பிரும்பு சூட்டைக் காத்து வைக்கும். மெல்லிய குழாயோ அதைக் காற்றில் இழந்துவிடும். டர்போவின் கனத்தையும் அந்த மெல்லிய குழாயே தாங்க வேண்டும். குண்டும் குழியுமான தோட்டத்துப் பாதையில் எத்தனை நாள் தாங்கும்? பற்று வைத்த இடத்தில் விரிசல் விட்டால், போட்ட பணம் போச்சு.

"சத்தம் நல்லாயிருக்குமே" என்பார்கள் சில பிள்ளைகள். லோயர் கேம்ப் அருகே மலைப்பாதையில் 'இரைச்சல் பாலம்' இருக்கிறது. மின் நிலையத்துக்குப் போகாத உபரித் தண்ணீர் அந்த வழியாகத்தான் இரைந்துகொண்டு விழுகிறது. விளக்கு எரிய வைக்கும் தண்ணீர் குழாய்க்குள் அடங்கி இறங்குகிறது!

பழைய பெட்ரோல் ஜீப்பை ஆசைக்கு வைத்துப் போட்டிகளில் ஓட்டுகிறவர்கள் உண்டு. அளவு தெரிந்த கைகாரர் கட்டினால் அவர்களுக்குப் பலன் கிடைக்கும். பிழைப்புக்கு வண்டி வைத்திருப்பவரின் கதை வேறு.

தலை சுற்றுவது வளைவினாலா?

அப்படியானால் பழைய வண்டி ஏன் திணறுகிறது? பல வண்டிகளில் மேனிபோல்டின் குற்றம் அதன் வடிவத்தில் இல்லை. அது ஒழுகுகிறது!

மலை ஏறும்போது இரும்பு பழுக்கக் காய்கிறது. இறங்கும்போது, மழையிலும் பனியிலும், சட்டென்று குளிர்கிறது. தினமும் இப்படி விரிந்து சுருங்கினால் என்ன ஆகும்? ஸ்டட்டு ஒடிகிறது. பேக்கிங் எரிகிறது. இரும்பு வளைகிறது. அந்த இடுக்கில் புகை பீறிடுகிறது. டர்போவுக்குப் போக வேண்டிய அழுத்தம் வழியிலேயே போய்விடுகிறது. வண்டி எப்படி இழுக்கும்?

இதைவிட முக்கியமான விஷயம், வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்கள். ஒழுகும் புகை, பலகை இடுக்கு வழியாக உள்ளே வருகிறது. சைலன்சரின் வால் குழாய் துருப்பிடித்துப் பாதியில் அறுந்திருந்தால் இன்னும் மோசம். பின்பக்கம் திறந்த வண்டி ஓடும்போது, தன் புகையைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். குளிருக்குப் படுதாவையும் இறக்கிவிட்டால் புகை வெளியேற வழியில்லை.

தலைவலி, குமட்டல், கண் எரிச்சல். "மலை வளைவு ஒத்துக்கலை" என்று வெற்றிலையையோ எலுமிச்சம் பழத்தையோ நாடுகிறார்கள் பெண்கள். வளைவும் காரணமாக இருக்கலாம். ஆனால் புகையையும் சந்தேகப்பட வேண்டும். பெட்ரோல் வண்டியின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உண்டு. அதற்கு வாசனையே கிடையாது; ஆளையே கொல்லும். டீசல் புகையில் அது குறைவு. ஆனால் டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-ல் அறிவித்தது.

ஒழுகலைக் கண்டுபிடிப்பது கஷ்டமல்ல. காலையில் குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து கேளுங்கள். 'டிக் டிக்' என்ற சத்தம் வந்து, சூடானதும் குறைகிறதா? இரும்பு விரிந்து இடுக்கை அடைக்கிறது என்று அர்த்தம். பிறகு, ஆறிய என்ஜினில் மேனிபோல்டு சேரும் இடத்தைப் பாருங்கள். மை தீட்டியது போலக் கரி படிந்திருந்தால் அதுதான் இடம்.

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனி கொடுத்த அமைப்பை மனம் போல் மாற்றச் சட்டம் இடம் தரவில்லை. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதைச் சொல்கிறது. கேரளத்து வழக்கு ஒன்றில், 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது.

அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு அபராதம் ஏறியது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய்; ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. சத்தமும் புகையும் அளவை மீறினால், முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை. மூன்று மாதம் லைசென்ஸும் போகும். டிரைவருக்கு லைசென்ஸ் போனால் அடுப்பு எரியுமா?

பழுதான மேனிபோல்டுக்குப் பதில், அதே வகையைச் சேர்ந்த நல்லதைப் போடுவதற்கு இந்தத் தொல்லை இல்லை.

பட்டறையில் நடந்தது

அந்த இளைஞரின் வண்டிக்கு வருவோம். மெக்கானிக் தகட்டைக் கழற்றினார். கடைசிச் சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒரே கரி. ஒரு ஸ்டட்டு ஒடிந்து பாதி உள்ளேயே இருந்தது.

துரு இளக எண்ணெய் விட்டு, ஒடிந்ததை மெல்லத் துளைத்து எடுத்தார். வளைந்த மேனிபோல்டு லேத்துக்குப் போய்ச் சமமாகி வந்தது. புதுப் பேக்கிங். புது ஸ்டட்டுகள். நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறி முறுக்கினார். ஓரத்திலிருந்து முறுக்கினால் இரும்பு மறுபடி வளையுமாம். அடைத்திருந்த ஏர் பில்டரையும் மாற்றினார். உள்ளே காற்று வராமல் வெளியே புகை போய் என்ன பயன்? வால் குழாய்க்கு ஒரு துண்டு பற்று வைத்து, உடம்புக்கு வெளியே நீட்டினார்.

இளைஞர் ஸ்டார்ட் செய்தார். 'டிக் டிக்' இல்லை.

"அப்ப நாலு குழாய் வேணாமாண்ணே?" குரலில் கொஞ்சம் ஏமாற்றம்.

"இப்ப லோடோட குமுளிக்கு ஒரு தடவை ஏறி எறங்கிட்டு வாய்யா. வண்டி ஆறினப்புறம் நட்டையெல்லாம் இன்னொரு தடவை முறுக்கணும். அதை மறந்துட்டு வீட்டுக்குப் போயிராத!"