ஒட்டாத சட்டியும் அழியாத இரசாயனமும்

சென்ற ஆண்டு திருவிழா அன்னதானத்திற்காக மடைப்பள்ளியில் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மையார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “ஐயா, ஒட்டாத சட்டியில் விஷம் இருக்கிறது, தூக்கிப் போடுங்கள் என்று என் மகள் சொல்கிறாள். உண்மைதானா?” பல ஆண்டுகள் அறிவியல் பாடம் நடத்தியவன் என்பதால் கேட்டார் போலும். ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரே சொல்லில் விடை கூற என்னால் இயலவில்லை. அன்று கூற இயலாத விடையை இம்மலரில் எழுதுகிறேன்.

ஒட்டாத சட்டியின் மேற்பூச்சுகளில் புகழ்பெற்றது டெஃப்லான். 1938-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள், அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவன ஆய்வுக்கூடத்தில் ராய் பிளங்கெட் என்ற இளம் விஞ்ஞானி அப்பொருளைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார். குளிர்பதனப் பெட்டிக்குரிய புதிய வாயு ஒன்றை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். வாயு அடைத்து வைத்திருந்த உருளையைத் திறந்தபோது வாயு வெளிவரவில்லை; உருளையின் எடையோ குறையவில்லை. அறுத்துப் பார்த்தால், உள்ளே வழவழப்பான வெள்ளைத் தூள்! கார்பன் அணுக்களும் புளோரின் அணுக்களும் இறுகப் பிணைந்த பொருள் அது. வெப்பத்தைத் தாங்கியது, அமிலங்களுக்கு அசையவில்லை, எதுவும் அதன்மேல் ஒட்டவில்லை.

இத்தூளைத் தொழிற்சாலையில் பெருமளவில் தயாரிக்க மற்றோர் இரசாயனம் துணைக்கு வேண்டியிருந்தது. அதன் பெயர் பெர்புளோரோ ஆக்டனோயிக் அமிலம். மூலக்கூறு ஒன்றில் 8 கார்பன் அணுக்கள் இருப்பதால் ‘சி-8’ என்று சுருக்கமாக அழைத்தனர். எண்ணெயும் நீரும் கலந்திருக்கச் சவர்க்காரம் எவ்வாறு உதவுகிறதோ, அவ்வாறே தயாரிப்பின்போது டெஃப்லான் துகள்கள் நீரில் கட்டிதட்டாமல் இருக்க இது உதவியது. பின்னர் பூச்சைச் சூடேற்றிப் பதப்படுத்தும்போது இதன் பெரும்பகுதி நீங்கிவிடும். ஆகவே நாம் கடையில் வாங்கிய சட்டியில் எஞ்சியிருந்தது மிகச் சொற்பமே.

அப்படியானால் மீதி எங்கே போயிற்று? நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி இதுதான்.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், ஒஹாயோ ஆற்றங்கரையில், பார்க்கர்ஸ்பர்க் என்னும் ஊருக்கு அருகே டூபாண்டின் தொழிற்சாலை இருந்தது. அங்கே 1951 முதல் சி-8 பயன்படுத்தப்பட்டது. கழிவு புகைபோக்கி வழியாகக் காற்றிலும், குழாய் வழியாக ஆற்றிலும், குழிகள் வழியாக நிலத்தடி நீரிலும் கலந்தது. 1984-இல் சுற்றுவட்டாரக் குழாய் நீரில் அது இருப்பதை நிறுவனம் தன் சோதனையில் கண்டது. 1991-இல், குடிநீரில் நூறு கோடியில் ஒரு பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டது. அதே ஆண்டு ஒரு வட்டாரத்தின் குடிநீரில் அதைப்போல் மூன்று மடங்கு இருந்தது. அந்நீரைக் குடித்த மக்களுக்கு இவை எதுவும் தெரிவிக்கப்படவில்லை.

அவ்வட்டார விவசாயி ஒருவரின் மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தன. தொழிற்சாலைக் கழிவுக் குழியிலிருந்து வந்த ஓடையில் நீர் அருந்திய மாடுகள் அவை. 1998-இல் அவர் வழக்கறிஞர் ராபர்ட் பிலட்டின் உதவியை நாடினார். அடுத்த ஆண்டு தொடுத்த வழக்கினால் நிறுவனத்தின் பழைய ஆவணங்கள் வெளிவந்தன, உண்மையும் வெளிவந்தது. 2001-இல் ஊர்மக்கள் சார்பில் மற்றொரு வழக்கு எழுந்தது.

2004-இல் ஏற்பட்ட உடன்பாட்டில் மக்கள் தரப்பு ஓர் அரிய ஏற்பாட்டைச் செய்தது. இந்த இரசாயனம் உண்மையில் நோய் தருகிறதா என்பதை நடுநிலை விஞ்ஞானிகள் மூவர் ஆராய்ந்து சொல்ல வேண்டும்; செலவை நிறுவனம் ஏற்க வேண்டும். ஆய்வுக்கு இரத்தம் வேண்டுமே! 2005, 2006 ஆம் ஆண்டுகளில் ஏறக்குறைய 69,000 பேர் முன்வந்து இரத்தம் கொடுத்தனர். அதற்கு ஒரு தொகை வழங்கப்பட்டது உண்மைதான். ஆயினும் அவர்கள் கொடுத்த இரத்தம் உலகத்திற்கே பாடமாயிற்று.

2012-இல் முடிவு தெரிந்தது. சிறுநீரகப் புற்றுநோய், விரைப் புற்றுநோய், தைராய்டு நோய், பெருங்குடல் புண் நோய், கர்ப்பகால இரத்த அழுத்தம், உயர் கொலஸ்ட்ரால் ஆகிய ஆறுக்கும் சி-8-க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று விஞ்ஞானிகள் அறிவித்தனர். 2017-இல் ஏறக்குறைய 3,550 வழக்குகள் 67 கோடி அமெரிக்க டாலருக்கு முடித்துவைக்கப்பட்டன.

உலகமும் விழித்துக்கொண்டது. அமெரிக்க அரசின் முயற்சியால் எட்டு பெரிய நிறுவனங்கள் 2015-க்குள் இதைக் கைவிட 2006-இல் இசைந்தன. 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின்படி ஒழிக்கப்பட வேண்டிய பொருள்களின் பட்டியலில் இது சேர்ந்தது. 2023-இல் உலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தியது. 2024-இல் அமெரிக்கா குடிநீருக்கு வகுத்த எல்லை, ஓர் இலட்சம் கோடியில் 4 பங்கு. ஒலிம்பிக் நீச்சல் குளம் நிறைந்த நீரில் ஒரு நொய்யரிசி அளவு என்று கொள்ளலாம்.

இவ்வளவு குறைந்த அளவுக்கும் ஏன் அஞ்ச வேண்டும்? காரணம், இது அழிவதில்லை. வாழையிலை மக்கி மண்ணாகிறது. இரும்பு துருப்பிடித்து உதிர்கிறது. மண்ணிலும் நீரிலும் உள்ள நுண்ணுயிர்களால் இதன் கார்பன்-புளோரின் பிணைப்பை எளிதில் அறுக்க முடிவதில்லை. நம் உடலுக்குள் சென்றால், இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் மேலும் மேலும் சேர்ந்தால்?

ஆறுதலான செய்தியும் உண்டு. பயன்பாடு குறையக் குறைய அமெரிக்க மக்களின் இரத்தத்தில் இதன் சராசரி அளவு 1999-க்கும் 2018-க்கும் இடையே 70 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்துவிட்டது. மனிதன் நிறுத்தினால் உடல் மெல்ல மெல்லத் தேறுகிறது.

இனி அந்த அம்மையாருக்கு என் விடை. அம்மா, சட்டியைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை. ஆனால் வெறும் சட்டியைப் பெருந்தீயில் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். சூடு 260 டிகிரியைத் தாண்டினால் பூச்சு கெடத் தொடங்கும். மேலும் ஏறினால் நச்சுப்புகை எழும். கூண்டுப் பறவைகள் அப்புகையில் இறந்துவிடும். பூச்சு உரிந்த சட்டியை மாற்றிவிடுங்கள். ‘சி-8 இல்லாதது’ என்ற விளம்பரத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். அதற்கு மாற்றாக வந்த ‘ஜென்-எக்ஸ்’ என்ற மற்றொரு புளோரின் இரசாயனம் வட கரோலினாவின் கேப் ஃபியர் ஆற்று நீரில் கலந்திருந்தது 2017-இல் பொதுமக்களுக்குத் தெரியவந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் இவை போகா. தூண்டப்பட்ட கரி கொண்ட வடிகட்டி ஓரளவு நீக்கும். பாட்டி காலத்து இரும்புத் தோசைக்கல்லை நன்கு எண்ணெய் தடவிப் பழக்கினால் அதிலும் தோசை ஒட்டாது.

நம் தோசை ஒட்டாமல் வந்ததற்கான விலையை, நாம் பார்த்தறியாத ஓர் ஆற்றங்கரை மக்கள் தங்கள் குடிநீரிலும் உடலிலும் செலுத்தினார்கள். அன்னமிடுவது அறம் என்று நாம் அறிவோம். அந்த அன்னம் சமைக்கும் பாத்திரம் எவருடைய தண்ணீரைக் கெடுத்து உருவாயிற்று என்று கேட்பதும் அந்த அறத்தைச் சேர்ந்ததே.