கூட்டு முயலுக்கு வைக்கோலா, காய்ந்த புல்லா?

பெருநாள் காசு கையில் சேர்ந்ததும் பிள்ளைகளுக்கு ஆசைகள் பல பிறக்கும். நாய் வளர்க்கும் வழக்கம் நம் வீடுகளில் இல்லாததால் பூனை, மீன், லவ் பேர்ட்ஸ், முயல் என்றே அந்த ஆசை சுற்றி வரும். இவற்றில் முயலுக்குத் தனி இடம் உண்டு. அது சத்தம் போடாது. அடுத்த வீட்டாரின் முறைப்பாட்டுக்கும் இடமில்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடியின் பல்கனியிலோ, கொட்டாஞ்சேனை வீட்டின் பின்முற்றத்திலோ ஒரு கூட்டை வைத்துவிட்டால் போதும் என்று எண்ணி வாங்கி வந்துவிடுகிறோம்.

வந்த பின் அதற்கு என்ன கொடுக்கிறோம்? சமையலில் மிஞ்சிய கரட், கோவா இலை, பாண் துண்டு, பிள்ளைகள் ஆசையோடு நீட்டும் பிஸ்கட். முயலும் வேண்டாம் என்று சொல்வதில்லை. சில மாதங்கள் கழித்து ஒருநாள் அது சாப்பிடாமல் மூலையில் ஒடுங்கிப் படுக்கும். மறுநாள் விடியும்போது உயிர் இருக்காது. "என்ன நோயோ தெரியவில்லை" என்று பெரியவர்கள் சொல்ல, பிள்ளைகள் அழுது தீர்ப்பார்கள். இப்படி இறக்கும் முயல்களில் பலவற்றுக்கு வந்த குறை ஒன்றே. அவற்றின் வயிறு நிறைந்திருந்தது. ஆனால் அதில் புல் இல்லை.

முயலுக்கு ஏன் புல்?

முயலின் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீற்றர் வளரும். நார் மிகுந்த புல்லை மணிக்கணக்காக அரைத்து மெல்லும்போதுதான் பற்கள் அளவாகத் தேயும். பாணும் பிஸ்கட்டும் இரண்டு கடியில் கரைந்துவிடும். தேயாத கடைவாய்ப் பற்கள் கூராக வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் குத்தும். வலியால் முயல் உணவை விட்டுவிடும்.

குடலின் கதையும் இதுவே. முயலின் குடல் ஓயாமல் அசைந்துகொண்டிருக்க வேண்டும். அதை அசைய வைப்பது நார்தான். நார் குறைந்து மாவும் சீனியும் கூடினால் குடல் மந்தமாகும், வாயு சேரும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. ஆகவே அரை நாள் ஒன்றும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருக்கும் முயலை "நாளைக்குப் பார்ப்போம்" என்று விட்டுவிடக்கூடாது. அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

முயல் தின்பதில் நூற்றுக்கு எண்பது பங்குக்குக் குறையாமல் புல்லும் காய்ந்த புல்லுமாக இருக்க வேண்டும் என்பதே இன்றைய மிருக வைத்தியர்களின் பொதுவான அறிவுரை. கடையில் வாங்கும் உருண்டைத் தீவனம் உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 25 கிராமைத் தாண்டாமல் போதும். கரட் என்பது நமக்கு வட்டிலப்பம் போல; எப்போதாவது ஒரு துண்டு.

பெயரில் வரும் குழப்பம்

காய்ந்து மஞ்சளாக இருப்பதையெல்லாம் நாம் வைக்கோல் என்று சொல்லிவிடுகிறோம். தவறான பொருளை வாங்குவதற்கு இதுவே முதற் காரணம். நெல்லை அறுத்து மணியைப் பிரித்தபின் மிஞ்சும் தாள்தான் வைக்கோல். சத்தெல்லாம் மணிக்குள் போய்விட, மிஞ்சிய தாளில் புரதம் நூற்றுக்கு 4 பங்கு அளவே இருக்கும். மணல் போன்ற சிலிக்காச் சத்து மட்டும் அதில் அதிகம். நான்கு அறை வயிறுள்ள மாடு அசைபோட்டு அதிலிருந்து ஏதோ எடுத்துக்கொள்ளும். முயலுக்கு அது கூட்டில் விரிக்கும் மெத்தை. கொஞ்சம் கொறித்தால் கெடுதியில்லை, ஆனால் அதையே உணவாக்கினால் முயல் மெலிந்துபோகும்.

காய்ந்த புல் என்பது வேறு. பச்சையாக, இளசாக, கதிர் முற்றுவதற்கு முன் அறுத்து உலர்த்தியது அது. நிறத்தில் பச்சை மிஞ்சியிருக்கும். தேயிலைப் பெட்டியைத் திறந்தாற்போல் ஒரு மணம் வரும். முயலுக்கு நாளும் பொழுதும் கூட்டில் இருக்க வேண்டியது இதுதான்.

செல்லப்பிராணிகளுக்கான கடைகளில் பொதி செய்து விற்கும் 'திமோத்தி' என்பது குளிர்நாட்டுப் புல். கொழும்புச் சூட்டில் வளராது; கப்பலேறித்தான் வர வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டின் நடுப்பகுதியில் 360 ரூபா வரை ஏறியதை நாம் மறக்கவில்லை. அப்படி வரும் பொருளை நம்பி வீட்டுக் கணக்குப் போடுவது எல்லோராலும் ஆகாது. 'அல்பல்பா' என்று எழுதிய பொதியும் உண்டு. அதில் புரதமும் கல்சியமும் அதிகம் என்பதால் ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிகளுக்கும், குட்டி ஈன்ற தாய்க்கும் மட்டுமே ஏற்றது. வளர்ந்த முயலுக்குத் தொடர்ந்து கொடுத்தால் சிறுநீர்ப்பையில் கல் சேர இடமுண்டு.

நம் கையில் இருக்கும் புல்

அதற்கு மாற்று, நம் நாட்டின் வெயிலில் தானாகவே செழிக்கும் கினிப்புல். ஆபிரிக்காவிலிருந்து தீவனத்துக்கென வந்து இங்கே எங்கும் பரவிவிட்ட புல் இது. கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'கோ-3' என்ற புல்லையும் நம் நாட்டுப் பாற்பண்ணைக்காரர்கள் வளர்க்கிறார்கள். இரண்டையும் இளசாக அறுத்தால் முயல் விரும்பித் தின்னும். சுத்தமான பச்சைப் புல் கிடைக்குமானால் காய்ந்த புல்லைவிட அது குறைந்ததல்ல. புல்லுக்குப் பழகாத முயலுக்கு மட்டும் முதல் பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

எங்கே அறுப்பது என்பதில் கவனம் தேவை. வெள்ளவத்தையில் தண்டவாள ஓரத்திலும் கால்வாய்க் கரையிலும் புல் தாராளமாக நிற்கும். ஆனால் அங்கே களைநாசினி தெளித்திருக்கலாம், கழிவு நீரும் தெருநாயின் சிறுநீரும் பட்டிருக்கலாம். கொட்டாஞ்சேனையின் லொறி ஓடும் வீதியோரப் புல்லிலும் புகைக்கரி படிந்திருக்கும். அவற்றை விட்டுவிடுங்கள். நகருக்கு வெளியே மாடு வளர்ப்போரிடம் சொல்லி வைத்தால் வாரம் ஒரு கட்டு வாங்கலாம். அலரி, நாயுண்ணி போன்ற நச்சுச் செடிகள் இடையில் கலந்து வருகின்றனவா என்று பிரித்துப் பாருங்கள். வெட்டும் இயந்திரத்தில் அரைபட்ட புற்றூள் சீக்கிரம் சூடேறிப் புளிக்கும். அது முயலுக்கு ஆகாது.

எவ்வளவு வேண்டும்?

2 கிலோ நிறையுள்ள ஒரு முயல் நாளொன்றுக்கு 80 முதல் 100 கிராம் வரை காய்ந்த புல் தின்னும். மாதத்துக்கு ஏறக்குறைய 3 கிலோ. இழுத்துச் சிந்துவதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால், ஒரு கிலோ காய்ந்த புல்லுக்கு நான்கைந்து கிலோ பச்சைப் புல் வேண்டும். முயலை வாங்குமுன் இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

உலர்த்துவதற்கு நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. அப்போதுதான் கொழும்பில் மழை குறைவு. மொட்டை மாடியில் பழைய சேலையை விரித்து, புல்லை மெல்லியதாகப் பரப்பி, நாளுக்கு இரண்டு மூன்று முறை புரட்டிவிட வேண்டும். மாலையானதும் பனி படாமல் உள்ளே எடுத்துவிடுங்கள். நல்ல வெயிலென்றால் மூன்று நாளில் காயும். தண்டை முறுக்கினால் ஈரம் தெரியாமல் முறிய வேண்டும், அதுவே பதம். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் உலர்த்தும் எண்ணத்தை விட்டு, நாளாந்தம் பச்சைப் புல்லாகவே கொடுப்பது நல்லது. கழுவிய வாழை இலையும், சோளப் பொத்தியை மூடியிருக்கும் பச்சை மடலும் இடையிடையே கொடுக்கலாம்.

வைக்கோல் வாங்கும்போது

கூட்டில் விரிக்க வைக்கோல் வேண்டும். வெறும் கம்பித் தரையில் நாள் முழுவதும் நிற்கும் முயலுக்குப் பாதம் புண்ணாகும். கீழே கடதாசி, அதன்மேல் நான்கு விரல் உயரத்துக்கு வைக்கோல் என்று பரப்புங்கள்.

சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று, கிண்ணியா என நெல் விளையும் ஊர்களில் நம்மில் பலருக்கு உறவினர் உண்டு. பெரும்போக அறுவடை முடியும் பெப்ரவரி, மார்ச்சிலும், சிறுபோகம் முடியும் ஆகஸ்ட், செப்டெம்பரிலும் சொல்லி வைத்தால், கொழும்புக்கு வரும் மாமியோ சாச்சாவோ ஒரு சாக்கு கொண்டுவந்து தருவார்கள். மழையில் நனையாததாகவும், அறுவடைக்குச் சற்று முன் மருந்து தெளிக்காத வயலாகவும் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

விலைக்கு வாங்குவதானால் சாக்கின் மேற்புறத்தை மட்டும் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். நடுவில் கையை விட்டுப் பாருங்கள். சூடாகவோ ஈரமாகவோ இருந்தால் வேண்டாம். முகர்ந்து பாருங்கள், பூசண வாடை அடித்தால் வேண்டாம். ஒரு பிடி எடுத்து உதறுங்கள். வெண்தூள் பறந்தாலும் கரும்புள்ளி தெரிந்தாலும் வேண்டாம். சட்டி பானை பொதிந்து வந்த வைக்கோல் எங்கெங்கோ புரண்டு வந்தது. மலிவென்று அதை வாங்க வேண்டாம். கறுத்த வைக்கோலை வெயிலில் போட்டால் நிறம் தெளியலாம், பூசணத்தின் நஞ்சு போகாது.

வீட்டில் வைப்பது

நன்றாகக் காய்ந்ததைச் சணல் சாக்கிலோ காகிதப் பெட்டியிலோ இட்டு, தரையில் படாமல் பலகைமேல் வையுங்கள். பொலித்தீன் பையில் இறுகக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். எலி குடிபுகாமல் வாரம் ஒருமுறை இடம் மாற்றிப் பாருங்கள். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும் என்பது நாம் அறிந்ததே. வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால், வைக்கோலை வெளியே உதறிய பின்பே உள்ளே கொண்டுவர வேண்டும். கூடு துப்புரவாக்கும் வேலையையும் அந்தப் பிள்ளையிடம் கொடுக்கக் கூடாது.

இன்னொன்றையும் தாய்மார் கவனத்தில் கொள்ள வேண்டும். நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் முயலின் சிறுநீரும் புழுக்கையும் நஜீஸ். ஆகவே கூடு தொழும் இடத்துக்கும் துணி காயும் இடத்துக்கும் எட்ட இருக்கட்டும். ஈரமான வைக்கோலை நாள்தோறும் அகற்றினால் வாடையும் இராது, ஈயும் வராது. அகற்றியதைப் பூச்சட்டிக்கு உரமாக்கலாம்.

பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாதிருந்த பெண்ணைப் பற்றிய நபிமொழியைக் கேட்டறியாத வீடு நம்மிடையே இல்லை. காட்டு முயலுக்குப் பசித்தால் அதுவே புல்லைத் தேடிக்கொள்ளும். கூட்டில் இருப்பது நாம் வைப்பதைத்தான் தின்னும். நன்றாகப் பராமரித்தால் எட்டுப் பத்து ஆண்டுகள் வரை அது வாழும். வாங்கும்போது பாலர் வகுப்பிலிருந்த பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதும் வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை காலமும் மாதம் 3 கிலோ புல் எங்கிருந்து வரும் என்பதற்கு விடை கிடைத்த பிறகு பெருநாள் காசை எடுக்கலாம். விடை கிடைக்காவிட்டால், இந்தப் பெருநாளைக்கு ஒரு மீன் தொட்டியோடு பிள்ளைகளைச் சமாதானப்படுத்துவதே அந்த முயலுக்கு நாம் செய்யும் நன்மை.