தொ.ப.வும் கி.ரா.வும் கொடுத்த வேலை

ஐந்து மாத இடைவெளியில் இரண்டு பேரும் போய்விட்டார்கள். 2020 டிசம்பர் 24 அன்று தொ. பரமசிவன், 2021 மே 17 அன்று கி. ராஜநாராயணன். கொரோனா காலம், நேரில் போய் அஞ்சலி செலுத்த முடியல. அப்போதே எழுதியிருக்க வேண்டிய குறிப்பு இது. இப்போது எழுத வைத்தது எங்க ஊர் பெரியபாளையத்து ஆடித் திருவிழா.

நான் படிச்சது பி.இ. ஒரு கோயிலை எப்படி ஆராய்வது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது தொ.ப.வின் 'அழகர் கோயில்'. மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வு அது. கோயில் ஆய்வு என்றால் கல்வெட்டு, சிற்பம், தலபுராணம் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் கூடவே இன்னொன்றையும் கேட்டார்: இந்தக் கோயிலுக்கு யார் யார் வருகிறார்கள், ஏன் வருகிறார்கள்?

அழகர் ஏன் வைகைக்கு வருகிறார்? மண்டூக முனிவரின் சாபம் தீர்க்க என்பது கோயில் மரபு. தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்கு வந்து, அது முடிந்துவிட்டது என்று தெரிந்து கோபித்துக்கொண்டு திரும்புகிறார் என்பது ஜனங்கள் சொல்வது. புராணத்தில் இல்லை என்பதால் இரண்டாவது கதையை தொ.ப. ஒதுக்கவில்லை. கள்ளர், இடையர், வலையர், பள்ளர், பறையர் என ஒவ்வொரு சமூகத்துக்கும் அந்தக் கோயிலோடு என்ன உறவு என்று தனித்தனியாகப் பார்த்தார். இத்தனைக்கும் அவர் பெரியாரியர். அவர் இறந்ததும் பெரியாரின் நினைவு நாளில்தான்.

இந்தக் கண்ணோட எங்க பவானி அம்மனைப் பாருங்க. இங்கேயும் இரண்டு கதை. கம்சன் கொல்லப் பார்த்த, கண்ணனுக்குப் பதிலாக மாற்றி வைக்கப்பட்ட பெண் குழந்தைதான் இங்கே வந்து அமர்ந்தாள் என்பது ஒன்று. ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்த வளையல் வியாபாரி வேப்பமரத்தடியில் தூங்கி எழுந்தபோது வளையல் மூட்டை புற்றுக்குள் போயிருந்தது, அம்மன் கனவில் வந்தாள் என்பது இன்னொன்று. முதல் கதை அம்மனைப் புராணத்தோடு சேர்க்கிறது. இரண்டாவதில் வேம்பு, புற்று, வியாபாரி நடந்த பாதை எல்லாம் இருக்கு. வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றும் வேண்டுதலைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டாவது கதைதான் உதவியது.

கி.ரா.விடம் கற்றது வேறு. பல்கலைக்கழகப் படிப்பு இல்லாத இடைசெவல் விவசாயி அவர். கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தொகுத்து 1982இல் கொண்டுவந்தார். பேச்சுமொழியைக் கொச்சை என்று தள்ளிவைத்த காலத்தில், சம்சாரி வாயில் புழங்கும் சொல்லுக்கும் அகராதியில் இடம் உண்டு என்று காட்டினார். பிறகு புதுவைப் பல்கலைக்கழகமே அவரை நாட்டார் வழக்காறு சொல்லித்தர அழைத்தது.

இரண்டு பேரையும் இத்தனை படித்தும் நான் ஒரு தப்பு பண்ணினேன். எங்க தெருவில் ஒரு ஆயா இருந்தாங்க. வளையல்காரர் கதையை அவங்க வேற மாதிரி சொல்லுவாங்க, நடுவில் ஒரு பாட்டும் வரும். அடுத்த ஆடிக்கு ரெக்கார்ட் பண்ணிக்கலாம்னு மூணு வருஷம் தள்ளிப்போட்டேன். கையில் போன் இருந்தது, நேரமும் இருந்தது. ஆயா இப்போ இல்ல. பாட்டில் பாதி ராகம் மட்டும் ஞாபகம் இருக்கு, ஒரு வரிகூட இல்ல. அவங்க மகளிடம் கேட்டேன். "எனக்குத் தெரியாதுப்பா, அம்மாதான் பாடும்" என்றார்.

எழுத்தாளர் போனால் புத்தகமாவது மிஞ்சுகிறது. ஆயாவிடம் இருந்தது அவங்களோடயே போயிடுச்சு. அதனால் இந்த ஆடியில் ஆரணி ஆற்றங்கரையில் பொங்கல் வைக்க வந்தவர்களிடம் நோட்டோடு போய் உட்கார்ந்தேன். எந்த ஊர், எத்தனை தலைமுறையாக வர்றீங்க, அம்மன் கதையை யார் சொன்னாங்க, வீட்டில் பாட்டு தெரிந்தவர் யார்? நாலே கேள்விதான். முதல் ஞாயிற்றுக்கிழமை பதினோரு குடும்பம் பேசியது. உங்க ஊர்க் கோயிலிலும் கேட்டுப் பாருங்க, இந்த வருஷமே.